இருபத்திரண்டு நொடி

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் சுருட்டை ஒன்பதாம் வரிசையில் மண்டியிட்டிருந்தாள். ஒவ்வோர் இருக்கைக்கு அடியிலும் கையை விட்டு, உயிர்காக்கும் மிதவை அதன் உறைக்குள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, விரல் பட வேண்டும் என்பது விதி. மொத்தம் நூற்று எண்பது இருக்கைகள். ஐம்பதைத் தாண்டுவதற்குள் முழங்கை இரும்புச் சட்டத்தில் இரண்டு முறை இடித்துவிட்டது. குளிரூட்டி இன்னும் ஓடவில்லை. மூடிக்கிடந்த தரைவிரிப்பின் புழுக்கமும் துப்புரவு மருந்தின் நெடியும் தொண்டையைக் கரகரக்க வைத்தன. கட்டுக்கடங்காத சுருள்முடியை வழித்து இழுத்து இருபத்தாறு ஊசிகளால் கொண்டையாக்கியிருந்தாள். ஊசிகள் அதற்குள்ளாகவே மண்டையைக் குத்த ஆரம்பித்திருந்தன.

பின்பக்கச் சமையலறையில் தாடி உணவு வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வேலையில் இருக்கும் ஆண்கள் தாடி வைக்கக்கூடாது. தினமும் மழமழவென்று சிரைத்துக்கொண்டு வருகிறவனுக்கு அந்தப் பெயரை வைத்தவள் சுருட்டைதான். நிறை சுமையோடு ஓர் ஆள் எடைக்கு மேல் இருக்கும் வண்டியை அவன் இடுப்பால் முட்டி அதன் கூண்டுக்குள் தள்ளினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் விமானம் முழுக்கக் கேட்டது.

முன்கதவருகே பெரியக்கா ஆக்சிஜன் உருளையின் முள்ளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணிக்குழுவின் தலைவி அவள். பதினான்கு வருட சர்வீஸ். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் அழைத்தார்கள்.

"அட்டையெல்லாம் சொருகியாச்சாடி?"

"ஆச்சுக்கா. நூத்தி எண்பதும்."

அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த வேலை அது. ஒவ்வோர் இருக்கையின் பையிலும் ஒரு வண்ண அட்டை. 'எங்கள் விமானத்தைப் படமெடுங்கள், பகிருங்கள், பரிசை வெல்லுங்கள்.' அட்டையில் ஒரு பெண் பணிச்சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் விளம்பரத்துக்கு வந்த பெண். வண்டி தள்ளியவள் இல்லை என்பது தழும்பில்லாத அவள் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும்.

"சரி, சிரிப்பை மாட்டிக்கங்க. கதவைத் திறக்கப்போறாங்க" என்றாள் பெரியக்கா.

பயணிகள் ஏறினார்கள். பாதுகாப்புச் செய்முறையைக் காட்டும்போது ஏழெட்டு போன்கள் உயர்ந்தன. அது பழகிப்போன விஷயம். சுருட்டை இடைவாரை மாட்டிக் கழற்றிக் காட்டினாள், மூச்சுக்கவசத்தை முகத்தருகே பிடித்துக் காட்டினாள், போன்களுக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பதினான்காம் வரிசைக்கு மேலிருந்த பெட்டிக்கூண்டு மூடாமல் அடம்பிடித்தது. எக்கி, இரு கையாலும் பெட்டியைப் புரட்டிவைத்து மூடினாள். சட்டை மேலேறியது. நடைபாதையோரம் உட்கார்ந்திருந்த கட்டம்போட்ட சட்டைக்காரனின் போன் அப்போது மடியிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்ததை அவள் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து தாடி பார்த்தான். பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விமானம் மேலேறிச் சமநிலைக்கு வந்த பிறகு காலிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு வந்தாள் சுருட்டை. கட்டச்சட்டைக்காரன் பக்கத்து இருக்கை நண்பனிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தான். இருவரும் வாய்க்குள் சிரித்தார்கள். திரையில் தெரிந்தது ஒரு பெண்ணின் இடுப்பு. அது தன்னுடையதுதான் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"சார், அதை அழிச்சிடுங்க."

"எதை?"

"என்னை எடுத்ததை."

"உங்களை யார் எடுத்தா? விமானத்தை எடுத்தேன். எடுங்க எடுங்கன்னு உங்க கம்பெனியே அட்டை வச்சிருக்கு. நீங்க படிக்கலையா?"

நண்பன் வாய்விட்டே சிரித்தான்.

"நீங்க எடுத்தது விமானம் இல்ல சார்." அவள் கோப்பைகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "தயவுசெஞ்சு அழிச்சிடுங்க."

அவன் போனை நிமிர்த்தி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "எல்லாரும் பாருங்க, காசு குடுத்து ஏறுன பயணியை இந்தம்மா மிரட்டுறாங்க. பேரைக் குறிச்சுக்கங்க" என்று அவள் நெஞ்சிலிருந்த பெயர்ப்பட்டையை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். போன் முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அவள் உள்ளங்கையால் அதன் கண்ணை மறைத்தாள். அவன் வெடுக்கென்று இழுத்தான். போன் கைநழுவித் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு பெரியக்கா ஓடிவந்தாள். நடந்தது என்னவென்று கேட்கக்கூட இல்லை. குனிந்து போனை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டி, "மன்னிச்சுக்கங்க சார்" என்றாள். பதினான்கு வருடப் பழக்கம், நாக்கு தானாகச் சொன்னது.

சமையலறைத் திரைக்குப் பின்னால் சுருட்டை அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க."

"தண்ணி குடி. முகத்தைத் துடை. இன்னும் மூணு பயணம் கிடக்கு."

"எதுக்குக் கேட்டீங்க?"

பெரியக்கா கோப்பையில் தண்ணீரை ஊற்றி அவள் கையில் திணித்துவிட்டு முன்பக்கம் போனாள்.

இரண்டாவது பயணம் இறங்கி, போனை உயிர்ப்பித்தபோது சுருட்டையின் அம்மாவிடமிருந்து பதினேழு அழைப்புகள். அம்மா ஒரு தையல் கடையில் வேலை பார்ப்பவள். வேலை நேரத்தில் போனைத் தொடாதவள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"நீ எங்கடி இருக்கே? கடைக்கு வர்றவங்க எல்லாம் போனை நீட்டி நீட்டிக் காட்டுறாங்க. நீ யாரோ ஒருத்தன் போனைத் தட்டிவிடுறியாம்."

"அம்மா, நான் சும்மா தட்டலைம்மா. அவன்..."

"நீ சும்மா செஞ்சிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குக் கீழ எழுதியிருக்கானுங்க பாரு, அதைப் படிக்காதே. அந்தப் போனை அணைச்சு பையில போடு." அம்மா மூச்சு வாங்கினாள். "நம்ம தெருப் பேரையும் போட்டுட்டானுங்க. ரெண்டு பேர் வந்து வீட்டு வாசலைப் படம் எடுத்துட்டுப் போனானுங்களாம், பக்கத்து வீட்டுக்காரி சொல்றா."

அவள் படித்தாள். படிக்காமல் இருக்க யாரால் முடியும்? இருபத்திரண்டு நொடிப் படம். அவள் பேரை அவன் படிப்பதில் தொடங்கி போன் விழுவதில் முடிந்தது. இடுப்பைக் காணோம், சிரிப்பைக் காணோம். 'திமிர் பிடித்தவள்' என்பதுதான் அங்கிருந்த வார்த்தைகளில் ஆகக் குறைந்த அழுக்கு.

அதற்குப் பிறகும் இரண்டு பயணங்கள் பறந்தாள். ஏறுகிறவர்கள் அவளைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள். "இவதான்" என்றது ஒரு குரல். அவள் இடைவாரை மாட்டிக் கழற்றிக் காட்டினாள். சாயங்காலம் இறங்கியதும் காவலர் ஒருவர் நுழைவு அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. நாளைக்குள் அவள் தன் வாயால் மன்னிப்புக் கேட்டுப் பேசும் படம் ஒன்றை எடுத்து அனுப்ப வேண்டும். கம்பெனி அதைத் தன் பக்கத்தில் போடும்.

பெரியக்காவை அன்றைக்கே பணிப்பிரிவு மேலாளர் கூப்பிட்டார். விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. சுவரில் நான்கு திரைகள். ஒன்றில் சுருட்டையின் கை போனை மறைப்பது ஓசையில்லாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'பணியாளர் எவ்விதத் தூண்டுதலும் இன்றிப் பயணியின் உடைமையைத் தாக்கினார்.' அடியில் குழுத் தலைவியின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க மேல எந்தக் குறையும் இல்ல. நீங்க மன்னிப்புக் கேட்டதைக்கூட வேற ஒருத்தர் படம் எடுத்திருக்கார். மேலிடத்துல பாராட்டுறாங்க."

அந்தப் பாராட்டு அவளைச் சுட்டது.

"சார், அந்தாளு அவளைக் கீழேர்ந்து எடுத்திருக்கான், அவளே பார்த்திருக்கா."

"ஆதாரம்?"

"அவன் போன்ல இருக்கு."

"அது பயணியோட போன். வாங்கிப் பார்க்க நமக்கு உரிமை இல்ல."

"எங்க உடம்பைப் படம் எடுக்க அவனுக்கு மட்டும் உரிமை இருக்கா சார்?"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாருங்க. போன மாசம் இந்த அட்டையால எத்தனை லட்சம் பேர் நம்ம விமானத்தைப் பார்த்தாங்கன்னு தெரியுமா? செலவே இல்லாத விளம்பரம். இப்பப் போய் எடுக்காதேன்னு சொன்னா சிரிப்பாங்க. நம்ம தொழில்ல ஒரு சிரிச்ச முகம் போதும். அவ அந்த முகத்தைக் காட்டலை."

"முகத்தைக் காட்டத்தான் சார் நாங்க வேலைக்கு வந்தோம். மத்ததைக் காட்ட வரலை."

அவர் குரல் மாறியது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். "உங்க பேர்லயும் ஒரு பழைய கடிதம் இருக்கு. எட்டு வருஷம் முன்னாடி. ஞாபகம் இருக்கா? அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் புதுப்பிக்க வருது. நான் சொல்ல வேண்டியது இல்ல."

ஞாபகம் இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன், பதினான்கு மணி நேர வேலைக்குப் பிறகு, தரையிறங்கக் காத்திருந்த விமானத்தில், மடக்கு இருக்கையில் வாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது. யாரோ எடுத்த அந்தப் படத்துக்கு ஊரே வசனம் எழுதியது. கம்பெனி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அன்றைக்கும் ஒரு தாள் தயாராக இருந்தது, அன்றைக்கும் ஒரு கோடு இருந்தது. போட்டாள். அதிலிருந்து மடக்கு இருக்கையில் உட்கார்ந்தால் மோவாயை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவாள். எத்தனை களைப்பானாலும் கண்ணை மூட மாட்டாள்.

"நாளைக்குக் காலையில தர்றேன் சார்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அவளுக்கு முன்னாலேயே அந்தப் படம் அவன் பணிமனைக்கு வந்துவிட்டிருந்தது. அவள் தாளை அவன் முன் விரித்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"'தூண்டுதல் இன்றி'ன்னா? அவன் சும்மாதான் இருந்தானா?"

"இல்ல."

"அப்ப இது பொய்."

"ஆமா. போடலைன்னா அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்காது."

அவன் தாளை மடித்து அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு சொன்னான்: "வண்டியில என் தலைக்கு மேல ஒண்ணு மாட்டியிருக்காங்கள்ல, கேமராக் கண்ணு. கொட்டாவி விட்டா கீச்சுன்னு கத்தும். போன வாரம் மூக்கைச் சொறிஞ்சேன். மறுநாள் கூப்பிட்டு, வண்டி ஓட்டுறப்ப சிகரெட்டான்னு கேக்குறான். மூக்கு சார்னு சொன்னேன். நம்பலை. மூக்கைக் காட்டச் சொன்னான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "நாங்க இருபது பேர் ஓட்டுறோம். எல்லாரும் தனித்தனியா மூக்கைக் காட்டிட்டு வந்தோம். ஒருத்தன்கூட இன்னொருத்தன்கிட்ட சொல்லலை, வெக்கமா இருந்துச்சு. நேத்துதான் பேச்சுவாக்குல தெரிஞ்சுது" என்றான்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றாள். வெக்கமா இருந்துச்சு என்று அவன் சொன்ன வார்த்தை உள்ளே எங்கோ இடறிக்கொண்டே இருந்தது. எட்டு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததற்கும் அதுதானே காரணம்? படமெடுத்தவனுக்கு வராத வெட்கம் அவளுக்கு எதற்கு வந்தது?

சுருட்டையைப் போனில் அழைத்தாள். "மன்னிப்புப் படம் அனுப்பிட்டியா?"

"கண்ணாடி முன்னாடி நின்னு நாலு தடவை எடுத்தேன்கா. நாலையும் அழிச்சிட்டேன். அம்மா சொல்றாங்க, வேலை போனா தையல் மிஷின் இருக்குன்னு."

"அனுப்பாதே. காலையில கிளம்பி வா. சீருடை வேண்டாம், உன் துணியிலேயே வா. அப்புறம்... காலையில எதுக்குக் கேட்டீங்கன்னு கேட்டியே. பயந்துதான்டி கேட்டேன். உன்கிட்டதான் மன்னிப்புக் கேட்டிருக்கணும்."

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. இருவரும் வெகுநேரம் போனை வைக்கவில்லை.

விடிகாலையில், பயணத்துக்கு முன் குழு கூடும் அறையில் ஏழு பேர் இருந்தார்கள். அன்றைக்குப் புறப்பட வேண்டிய இரண்டு விமானங்களுக்கான பணியாளர்கள். பெரியக்கா கதவைச் சாத்திவிட்டு, மேலாளர் கொடுத்த தாளை உரக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, தன் பழைய கதையையும் சொன்னாள். திறந்த வாயோடு தூங்கியதை, ஊர் சிரித்ததை, கையெழுத்துப் போட்டதை.

"அது நீங்களாக்கா?" என்றாள் ஒருத்தி. "அந்தப் படத்தை நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கேன். யாருன்னு தெரியாமலே."

பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். குழந்தைக்குப் பால் பீய்ச்ச ஒதுங்கியபோது திரை இடுக்கில் நுழைந்த போனைப் பற்றி ஒருத்தி சொன்னாள். நடக்கும்போது பின்னாலிருந்து எடுத்துப் பாட்டுப் போட்டு ஓடவிட்டதை இன்னொருத்தி சொன்னாள். அவள் அண்ணனே அதைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் பேசவில்லையாம். குழுவிலிருந்த பையன் ஒருவன், தான் கீழே விழுந்து முட்டி பெயர்ந்ததைப் படமெடுத்துச் சிரித்தவர்களைச் சொன்னான். எழுந்து நின்று அவன் சிரிக்க வேண்டியிருந்தது.

தாடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். அவன் பேசமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நான் பார்த்தேன்" என்றான். "அவன் போனைச் சாய்ச்சதை என் கண்ணால பார்த்தேன். நமக்கெதுக்குன்னு வண்டியைப் பூட்டப் போயிட்டேன். அப்பவே ரெண்டு எட்டு நடந்து வந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காது. எழுதித் தர்றேன். பேர் போட்டே எழுதித் தர்றேன்."

அச்சடித்த தாளை பெரியக்கா திருப்பிப் போட்டாள். வெற்றுப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். கீழே இரண்டே கோரிக்கைகள். சுருட்டையின் நுழைவு அட்டையைத் திருப்பித் தர வேண்டும். பணியாளர்களை அவர்கள் சம்மதமில்லாமல் படமெடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு விமானத்திலும் புறப்படும்முன் அறிவிக்க வேண்டும். ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள். தாடி கையெழுத்துக்குக் கீழே தன் பேரையும் முழுதாக எழுதினான்.

வாசல்கூடத்தில் பயணிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஏழு பேரும் முழுச் சீருடையில் வந்து விமானத்துக்குப் போகும் கதவின் அருகே நின்றார்கள். கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பொதுமக்கள் நிற்கும் இடத்தில், சாதாரணச் சுடிதாரில் சுருட்டை நின்றாள். கொண்டை இல்லை. முடி அதன் இஷ்டத்துக்குத் தோளில் புரண்டது.

மேலாளர் வேகமாக வந்தார். "என்னம்மா இது? வேலைநிறுத்தமா?"

"இல்ல சார். நேரத்துக்கு வந்திருக்கோம், சீருடையில வந்திருக்கோம், வேலை செய்யத் தயாரா நிக்கிறோம். இதைப் படிச்சிட்டு ஒரு பதில் சொல்லுங்க, ஏறிடுறோம்."

அவர் படித்தார். முகம் சிவந்தது. "நான் கொடுத்த தாள்லயே எழுதியிருக்கீங்க."

"பின்பக்கம் காலியாத்தான் சார் இருந்தது."

"நூத்தி எண்பது பேர் நிக்கிறாங்க. உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

"அவங்களுக்கு உள்ளே நெருப்புப் பிடிச்சா அணைக்கப்போறது நாங்கதான் சார். அவங்க மேல எங்களுக்கு அக்கறை இல்லைன்னு சொல்லாதீங்க" என்றான் தாடி. அவன் அவ்வளவு நீளமாகப் பேசி மேலாளர் கேட்டதில்லை.

விமானி வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார், தாளை வாங்கிப் படித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பயணிகள் வரிசையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பலகையில் புறப்படும் நேரத்துக்கு எதிரே 'தாமதம்' என்ற சொல் வந்தது. "எங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒருவர் கத்தினார். போன்கள் உயர்ந்தன. முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. பெரியக்காவுக்குத் மோவாய் தானாக உயர்ந்து பல் இறுகியது. பக்கத்தில் நின்றவள் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சுருட்டையை அடையாளம் கண்டுவிட்டார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி, தோளில் துணிப்பை, கையில் போன், அவளை நோக்கி நடந்தாள். சுருட்டை பின்வாங்கினாள். முதுகு கண்ணாடியில் முட்டியது.

"நீதானேம்மா அந்தப் படத்துல வந்தது? உன் பக்கத்து நியாயம் என்னன்னு எனக்குத் தெரியணும்." அந்தப் பெண் போனைத் தாழ்த்தியே பிடித்திருந்தாள். "நீ பேசுறதை எடுக்கலாமா?"

சுருட்டை அவளை உற்றுப் பார்த்தாள். இத்தனை பேரில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள்.

"வேண்டாம்மா."

"சரி" என்று அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டாள். "எடுக்கலை. சும்மா சொல்லு, கேக்குறேன்."

சுருட்டை சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களும் கேட்டார்கள். கண்ணாடி வழியே பெரியக்காவுக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டுவது தெரிந்தது. ஓரிரு போன்கள் தாழ்வது தெரிந்தது. எல்லாம் தாழவில்லை.

மேலாளர் போனில் பேசி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "மாற்றுக் குழு வருது. இன்னும் பத்து நிமிஷம். அவங்க ஏறுனதுக்கப்புறம் நீங்க ஏழு பேரும் கீழ வந்து அட்டையை ஒப்படைச்சிடுங்க."

யாரும் அசையவில்லை. தாடி கண்ணை மூடித் திறந்தான்.

நடைக்கூடத்தின் கோடியில் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. நான்கு பேர் வந்தார்கள். அவர்களின் தலைவியை எல்லோரும் வாத்தியாரம்மா என்பார்கள். விதிப்புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்வாள், ஊசி ஒன்று குறைந்தாலும் பிடித்துவிடுவாள். பணி நேரப் பட்டியலுக்காக அவளோடு பெரியக்கா போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"வாங்க, வாங்க" என்று மேலாளர் கதவைத் திறந்துவிட்டார். "நேரா ஏறுங்க. ஏற்கெனவே நாற்பது நிமிஷம் தாமதம்."

வாத்தியாரம்மா கதவைப் பார்த்தாள். விமானியின் கையிலிருந்த தாளில் வரிசையாகக் கிடந்த கையெழுத்துகளைப் பார்த்தாள். ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் முடியை விரித்துப் போட்டு நின்ற சுருட்டையைப் பார்த்தாள். பிறகு தன் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் பெரியக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கைப்பிடியை அழுத்தி உள்ளே தள்ளினாள். அவள் குழுவின் மூன்று பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வரிசையில் வந்து நின்றன.

"என்னம்மா பண்றீங்க? ஏறுங்கன்னா!" என்றார் மேலாளர்.

வாத்தியாரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க போடணும் கையெழுத்து?" என்று பெரியக்காவிடம் கேட்டாள்.